தொடங்கிவைத்தது எது, விடாமல் பிடித்திருப்பது எது? பெரியவர்களின் மனநலமும் உளவியல் காரணிகளும்

கேள்வி இதுதான்: ஒரே மாதிரி அடி இரண்டு பேருக்கு விழுகிறது. வேலை போகிறது, அல்லது மணவாழ்க்கை முறிகிறது. ஒருவர் ஆறு மாதத்தில் தேறி எழுந்துவிடுகிறார். இன்னொருவர் மூன்று வருடமாகியும் அதே இடத்தில் கிடக்கிறார். வயது வந்தவர்களின் மனநலத்தை முடிவு செய்யும் உளவியல் காரணிகள் எவை? அவற்றில் நம் கைக்கு எட்டுபவை எவை?

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிக்கலைத் தொடங்கிவைத்தது எது என்பது ஒன்று. அதை இன்றுவரை விடாமல் பிடித்துவைத்திருப்பது எது என்பது மற்றொன்று. பலர் முதல் கேள்வியிலேயே வருடங்களைக் கழிக்கிறார்கள். சிறு வயதில் நடந்ததா, அப்பாவா, அந்த மேலதிகாரியா, பரம்பரையா? பதில் கிடைத்தாலும் நிலைமை அப்படியே இருக்கிறது, ஏனென்றால் தொடங்கிவைத்த சம்பவம் எப்போதோ முடிந்துவிட்டது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். இன்று அடுப்பில் எரியும் விறகு எது என்று கண்டுபிடிப்பதுதான் உளவியல் சிகிச்சையில் பாதி வேலை. அனுபவமுள்ள ஒரு சிகிச்சையாளர் குறிப்பெழுதும்போது நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வார்: முன்பிருந்தே உள்ள பலவீனம், தூண்டிய சம்பவம், நீடிக்க வைப்பது, காப்பாற்றுவது. கை வைக்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் இருக்கின்றன.

நீடிக்க வைக்கும் காரணிகளுக்குப் பொதுவான ஓர் அடையாளம் உண்டு. அவை அந்த நிமிடத்துக்கு ஆறுதல் தருகின்றன. அடிக்கும் போனை எடுக்காமல் விட்டால் நெஞ்சு லேசாகிறது. நோய் அறிகுறியை இணையத்தில் தேடிப் பார்த்தால் பத்து நிமிடம் நிம்மதி. படுக்கையிலேயே கிடந்தால் யாரையும் சந்திக்க வேண்டாம். ஆறுதல் என்ற கூலி கிடைப்பதால் மனம் அதே வேலையைத் திரும்பவும் செய்கிறது. விலை பின்னால் வருகிறது, அதனால் கண்ணில் படுவதில்லை. இனி சொல்லப்போகும் ஒவ்வொன்றிலும் இந்த உடனடிக் கூலி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

மாற்ற முடியாதவற்றை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வந்த கணக்கின்படி, கடும் மனச்சோர்வு யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் ஏறத்தாழ 37 சதவீதம் மரபணு சார்ந்தது. சின்ன விஷயத்தையும் ஆழமாக உணர்ந்து, எளிதில் கலங்கி, மெதுவாக ஆறும் சுபாவத்தை ஆளுமை ஆய்வாளர்கள் நியூராட்டிசிசம் என்பார்கள். இது பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே அபாயத்தைக் கூட்டுகிறது. சிறுவயதுக் காயங்களின் பங்கும் பெரியது. அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 1998-இல் வெளியான ஆய்வு இதற்கு முக்கியமான சான்று. அடி, பாலியல் அத்துமீறல், தாய் மீதான வன்முறை, வீட்டில் குடி போன்ற வகைகளில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவுமே அனுபவிக்காதவர்களைவிடக் குடிப்பழக்க நோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று அது காட்டியது. இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, தான் அனுபவித்த வகைகளை மதிப்பெண்ணாகக் கூட்டிப்பார்த்து, இனி தனக்கு மீட்சியே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன்: கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரி, தனி ஒருவரின் ஜாதகம் ஆகாது. அதிக மதிப்பெண் உள்ளவர்களிலும் ஏராளமானோர் நலமாக வாழ்கிறார்கள்.

உளவியல் பக்கம் போவதற்கு முன் உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், தினசரிக் குடி எல்லாம் மனச்சோர்வைப் போலவே காட்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அச்சு அசலாகப் பதற்ற நோய் மாதிரியே படபடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதை ஒரு வருடம் பேசிப் பேசித் தேடுவது பரிதாபம்.

இப்போது விறகுக்கு வருவோம். என் மதிப்பீட்டில் முதலிடம் அசைபோடுவதற்குத்தான். நடந்து முடிந்ததையும் தன் குறையையும் தன் சோர்வையும் திரும்பத் திரும்ப மனதுக்குள் சுழற்றும் பழக்கம் இது. மாடு அசைபோட்டால் தீவனமாவது செரிக்கும். இங்கே எதுவும் செரிப்பதில்லை. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1989-இல் வடக்கு கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், தற்செயலாக, அவருடைய குழு மாணவர்களிடம் அவர்களது மனநிலையையும், சோர்வு வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுப் பதிவு செய்திருந்தது. நிலநடுக்கம் முடிந்து ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்கள் அதிகச் சோர்வில் இருந்தார்கள். முன்பிருந்த சோர்வின் அளவைக் கழித்துப் பார்த்தும் இந்த வேறுபாடு நின்றது. பூமி எல்லோருக்கும்தான் ஆடியது. உங்கள் கேள்விக்கான பதிலில் ஒரு பெரிய பங்கு இங்கே இருக்கிறது.

அசைபோடுவதை நிறுத்துவது ஏன் கஷ்டம்? அது சிக்கலைத் தீர்ப்பது போன்ற உணர்வைத் தருகிறது. உட்கார்ந்த இடத்தில் உழைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ‘இன்னும் கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும்’ என்ற நம்பிக்கைதான் இங்கே கிடைக்கும் கூலி. உண்மையான யோசனையையும் அசைபோடுவதையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று நடத்தை சிகிச்சையில் உண்டு. இரண்டு நிமிடம் யோசித்த பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். தீர்வை நோக்கி ஓர் அடியாவது நகர்ந்தேனா? இதுவரை தெரியாத எதாவது புரிந்ததா? மனம் சற்றாவது லேசானதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது அசைபோடல். இன்னும் இருபது நிமிடம் தொடர்ந்தாலும் பதில் மாறாது.

கண்டுபிடித்த பிறகு ‘யோசிக்காதே’ என்று உத்தரவிடுவது பயன்படாது. டேனியல் வெக்னர் 1987-இல் செய்த சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. தடை நீங்கியதும், தடையே இல்லாமல் நினைத்தவர்களைவிட அதிகமாக வந்தது. வேலை செய்வது கேள்வியை மாற்றுவதுதான். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகள் மேலே மேலே போய்ப் பொதுத் தீர்ப்பில் முடிகின்றன. ‘எப்படி’, ‘எப்போது’, ‘அடுத்து என்ன’ என்று தொடங்குபவை தரைக்கு இறக்குகின்றன.

ஓர் உதாரணத்தை அருகில் போய்ப் பார்ப்போம். மாலை 6 மணிக்கு மேலாளரிடமிருந்து ஒரு செய்தி: “நாளைக் காலை உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.” அவ்வளவுதான். அசைபோடும் மனம் இப்படிப் போகும்: ஏன் திடீரென்று கூப்பிடுகிறார்? எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது? போன வேலையிலும் இதுதான் ஆனது. எங்கே போனாலும் என்னால் நிலைக்க முடிவதில்லை. நான் எதற்கும் லாயக்கில்லை. நான்கே தாவலில் ஒரு குறுஞ்செய்தியிலிருந்து முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதியாயிற்று. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதைவிடப் பொதுவாகிறது, தேதியும் இடமும் ஆளும் கழன்றுவிடுகின்றன. இதே மனதைத் தரைக்கு இறக்கும் கேள்விகள் வேறு. செய்தியில் சரியாக என்ன எழுதியிருக்கிறது? கடைசி மூன்று முறை அவர் இப்படிக் கூப்பிட்டபோது என்ன விஷயம் பேசினார்? இப்போது கையில் இருக்கும் வேலைகளில் எதைப் பற்றிக் கேட்கக்கூடும்? அதற்கு இன்றிரவு நான் எடுத்துவைக்க வேண்டிய தாள் எது? கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் வரும்: அந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் பத்து நிமிடம் சரிபார்ப்பது. அதைச் செய்துவிட்டு எழுந்து நடந்துவிட வேண்டும். இங்கே பலர் தவறுவது எழாமல் உட்காருவதில். அதே நாற்காலி, அதே இருட்டு, அதே போன் என்றால் பழக்கம் மறுபடி பிடித்துக்கொள்ளும். அசைபோடல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இடத்தை மாற்றுவது மனதை மாற்றுவதைவிடச் சுலபம்.

இதன் தம்பி கவலை. அசைபோடல் நேற்றைப் பார்க்கிறது, கவலை நாளையைப் பார்க்கிறது. விடாத கவலைக்கு அடியில் நிச்சயமின்மையைத் தாங்க முடியாமை இருக்கிறது என்று கனடாவின் மிஷெல் டுகாவும் சக ஆய்வாளர்களும் 1990-களிலிருந்து காட்டிவந்திருக்கிறார்கள். கெட்டது நடப்பதைவிட, நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் இருப்பதே இவர்களுக்கு அதிக வேதனை. அதனால் உறுதிமொழி தேடுகிறார்கள்: மனைவியிடம் நான்கு முறை கேட்பது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து படிப்பது, மருத்துவர் சொன்ன பிறகும் தேடுவது. பதில் கிடைத்ததும் நிம்மதி, அரை மணியில் அடுத்த ‘ஒருவேளை’. குடும்பத்தினர் அன்பால் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிச் சொல்லியே இந்தச் சக்கரத்தைச் சுற்ற உதவிவிடுகிறார்கள். அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். ஆனால் ஒருமுறை பதில் சொல்லிவிட்டு, இரண்டாம் முறை ‘இது கவலை கேட்கும் கேள்வி என்று நினைக்கிறேன், கொஞ்சம் தாங்கிப் பார்ப்போம்’ என்று மென்மையாகச் சொல்வது உண்மையான உதவி. இதை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு செய்ய வேண்டும், திடீரென்று மறுத்தால் புறக்கணிப்பாகத்தான் படும்.

கவலைக்குத் தனி நேரம் ஒதுக்குவது தாமஸ் போர்கோவெக் 1980-களில் சோதித்த முறை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அதிகபட்சம் 30 நிமிடம். பகலில் கவலை வரும்போது ஒரு வரியில் எழுதிவைத்து, அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். நேரம் வந்ததும் பட்டியலை எடுத்துப் படித்து, செய்ய ஏதாவது இருப்பவற்றுக்கு அடுத்த அடியை எழுத வேண்டும், இல்லாதவற்றை அப்படியே விட வேண்டும். பாதி வரிகள் அதற்குள் உப்புச்சப்பற்றுப் போயிருப்பதைப் பலர் முதல் வாரத்திலேயே பார்க்கிறார்கள். இது கெட்டுப்போவது இரண்டு இடங்களில்: தூங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, படுக்கையில் உட்கார்ந்து செய்வது. சாயங்காலத்தில், மேசை நாற்காலியில் செய்யுங்கள்.

அடுத்த பெரிய விறகு தவிர்ப்பது. பயம் தரும் இடத்தைத் தவிர்த்தால் பயம் உடனே இறங்குகிறது. ‘தவிர்த்ததால்தான் தப்பித்தேன்’ என்று மூளை கணக்கெழுதிவிடுகிறது. போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. வருடங்கள் போகப் போக நடமாடும் வட்டம் சுருங்குகிறது. நேரடியாகத் தவிர்க்காமல் மறைமுகமாகத் தவிர்ப்பவர்களும் உண்டு: துணை இல்லாமல் போகாதது, வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்பது, மாத்திரையைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசுவது. ‘நானும் பத்து முறை போய்ப் பார்த்துவிட்டேன், பயம் போகவில்லை’ என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கவசங்கள் கிடைக்கும். கவசத்தோடு போனால் வெற்றிக்கான பெயர் கவசத்துக்குப் போய்விடும்.

பீதித் தாக்குதலில் இது கூர்மையாகத் தெரியும். டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கிய முறைப்படி, சாதாரணமான ஒரு படபடப்பை ‘மாரடைப்பு’ என்று மனம் மொழிபெயர்க்கிறது. அந்தப் பயம் அட்ரினலினைக் கூட்டுகிறது, படபடப்பு ஏறுகிறது, மொழிபெயர்ப்பு உண்மை போல ஆகிறது. சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, தானாகவே இறங்கும். முதல் முறை நெஞ்சுவலி வந்தால் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். இதயம் நலம் என்று உறுதியான பிறகு, ஒவ்வொரு முறையும் அவசர சிகிச்சைக்கு ஓடுவதே நோயை வளர்க்கும்.

தவிர்ப்பை உடைக்கும் வழி படிப்படியாக நெருங்குவது. பயப்படுபவற்றில் எட்டுப் பத்தை எழுதி, 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, 30-40 அளவில் உள்ளதிலிருந்து தொடங்கலாம். செய்வதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியது: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று இப்போது நம்புகிறேன். செய்து முடித்ததும் அதற்குக் கீழே, உண்மையில் என்ன நடந்தது. ‘பேசும்போது குரல் நடுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள், 80 சதவீதம்’ என்று எழுதியவர், முடித்த பிறகு ‘குரல் நடுங்கியது, ஒருவர் குறிப்பெடுத்தார், யாரும் சிரிக்கவில்லை’ என்று எழுதுகிறார். பாடம் அந்த இரண்டு வரிகளின் இடைவெளியில்தான் கிடைக்கிறது. பயம் குறைந்ததா என்று அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, எதிர்பார்த்தது நடந்ததா என்பதே கேள்வி. ஒரே படியை வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில் பலமுறை செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை போதாது. கொடுமையை அனுபவித்து அதன் நினைவுகள் துரத்துபவர்கள் மட்டும் இதைத் தனியாகச் செய்யக் கூடாது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடன் இருக்க வேண்டும்.

மனச்சோர்விலும் தவிர்ப்பு உண்டு, அது அங்கே ஓய்வு என்ற வேடத்தில் வருகிறது. சோர்வாக இருக்கிறது, அதனால் படுக்கிறோம். நண்பர்களைப் பார்ப்பதில்லை, வேலை குவிகிறது, மகிழ்ச்சி தரும் எதுவும் நாளில் மிஞ்சுவதில்லை, சோர்வு கூடுகிறது. இதற்குச் செயலூக்க சிகிச்சை என்ற எளிய முறை இருக்கிறது. எளியது என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான சோதனையில், குறைந்த பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர்கள் அளித்த செயலூக்க சிகிச்சை, எண்ணங்களையும் செயல்களையும் சேர்த்து மாற்றப் பார்க்கும், தேர்ந்த உளவியல் சிகிச்சையாளர்கள் அளித்த சிந்தனை-நடத்தை சிகிச்சைக்குச் சளைக்காத பலனை ஒரு வருடம் கழித்தும் காட்டியது.

செய்முறை: முதல் வாரம் எதையும் மாற்றாமல், மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன செய்தேன், மனநிலை 0 முதல் 10-க்குள் எவ்வளவு. வாரக் கடைசியில் எந்த நேரத்தில் எண் ஏறியது, எதில் இறங்கியது என்று பாருங்கள். எப்போதும் 2 என்று நம்பியவர், மாலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய இரண்டு நாளும் 4 இருந்ததைக் கண்டு ஆச்சரியப்படுவார். இரண்டாம் வாரம் நாளுக்கு இரண்டு சின்னச் செயல்கள். ஒன்று இதம் தருவது, மற்றொன்று ‘முடித்தேன்’ என்ற உணர்வைத் தருவது. வெறும் இதம் மட்டும் வைத்தால் சீக்கிரம் சலிக்கும். நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்து, மனசு வந்தால் செய்வது என்றில்லாமல், மணி அடித்தால் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வில் மனசு முதலில் வராது, செய்த பிறகுதான் மெல்ல வரும்.

இங்கே ஏறத்தாழ எல்லோரும் செய்யும் தவறு அளவில். ‘தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்’ என்று எழுதி, மூன்றாம் நாள் விட்டு, ‘இதைக்கூடச் செய்ய முடியாதவன்’ என்று புது ஆதாரம் சேர்த்துக்கொள்கிறார்கள். குளிப்பதே மலையாகத் தெரியும் ஒருவருக்கு, ‘குளிக்க வேண்டும்’ என்பது பெரிய வேலை. 9 மணிக்குக் காலைத் தரையில் வைப்பது முதல் படி. துண்டை எடுத்துக் குளியலறைக் கொக்கியில் மாட்டுவது இரண்டாவது. தண்ணீரைத் திறந்து கையை நனைப்பது மூன்றாவது. மூன்றாவதோடு நின்றாலும் அன்றைய கணக்கு நிறைவேறியது. பல நாட்களில் கை நனைந்த பிறகு குளித்தே விடுகிறார்கள். செய்ய முடியும் என்று 10-க்கு 8 நம்பிக்கை வரும் வரை படியைச் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டும்.

ஏன் இவ்வளவு சிறிய வெற்றிக்கு இவ்வளவு மதிப்பு? மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல், தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பின்னர் தப்பிக்க வழி இருந்தும் பெரும்பாலும் அப்படியே கிடந்ததைக் காட்டினார்கள். கையாலாகாத்தனம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்பது அப்போதைய முடிவு. 2016-இல் அவர்களே மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்குவது மூளையின் இயல்பான எதிர்வினை, கற்றுக்கொள்ளப்படுவது ‘என்னால் கட்டுப்படுத்த முடியும்’ என்பதுதான். இந்தத் திருத்தத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். முடங்கிக் கிடப்பவரிடம் இருப்பது சோம்பலும் அல்ல, கெட்டுப்போன குணமும் அல்ல. அவருக்கு இல்லாதது கட்டுப்பாட்டின் அனுபவம். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு ஆல்பர்ட் பண்டூரா நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடம்பு காட்டும் அறிகுறிகள். வலுவானது முதலாவது. ‘உன்னால் முடியும், தைரியமாக இரு’ என்று சுற்றியிருப்பவர்கள் தினம் சொல்லியும் பலிக்காதது இதனால்தான். அந்த நேரத்தில் துண்டைக் கொக்கியில் மாட்ட உடன் எழுந்து வருவது கூடுதல் உதவி.

அடுத்தது தன்னைத் தானே திட்டிக்கொள்வது, அதன் நெருங்கிய உறவான எதிலும் குறையே கூடாது என்ற பிடிவாதம். பால் ஹூவிட்டும் கோர்டன் ஃபிளெட்டும் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் முழுமை கேட்பது, பிறரிடம் கேட்பது, பிறர் தன்னிடம் கேட்பதாக நம்புவது. மூன்றாவது மனச்சோர்வோடும் தற்கொலை எண்ணத்தோடும் தெளிவான தொடர்பு காட்டுகிறது. உயர்ந்த தரம் வைத்திருப்பது நோயாகாது. தரம் தவறினால் தன் மதிப்பே போய்விட்டது என்று கொள்வதுதான் நோய். இப்படிப்பட்டவர்களுக்குத் திட்டை விட்டால் சோம்பேறி ஆகிவிடுவோம் என்ற பயம் இருக்கிறது. வாதம் செய்து அதைக் கலைக்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து முறை படித்து அனுப்பும் மின்னஞ்சலை ஒரு வாரம் ஒரே முறை படித்து அனுப்பி, வந்த புகார்களை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று நல்ல வாக்கியம் சொல்லும் பயிற்சியை நான் பரிந்துரைப்பதில்லை. 2009-இல் வெளியான ஆய்வில், ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சுயமதிப்பு ஏற்கெனவே குறைந்திருந்தவர்களின் மனநிலை மேலும் இறங்கியது. அவர்கள் மனம் எதிர்வாதத்தைத் தேடிக் கொண்டுவருகிறது. அதைவிட, இதே தவறை நெருங்கிய நண்பர் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ அதை ஐந்து வரி எழுதிப் படிப்பது நம்பும்படி இருக்கும். அதில் தவறையும் ஒப்புக்கொள்ளலாம்.

உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்குவதைப் பற்றி ஜேம்ஸ் கிராஸ் நடத்திய ஆய்வுகள் சொல்வது இது: வெளியே தெரிவது குறைகிறது, உள்ளே இருக்கும் வேதனை குறைவதில்லை, கூடவே உறவில் நெருக்கமும் குறைகிறது. நிகழ்வைப் பார்க்கும் கோணத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்பவர்கள் நிலை மேல்.

தனிமை உணர்வுக்கும் சுற்றியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் நேர்த் தொடர்பு இல்லை. நிறைந்த வீட்டில் தனியாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டன் பெண்களிடம் நடத்தி 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் இழப்பு வந்தபோது மனம் விட்டுப் பேச ஒரே ஒருவர் நெருக்கமாக இருந்தவர்கள் மனச்சோர்வில் விழுவது தெளிவாகக் குறைந்தது. நீண்ட தனிமை இன்னொன்றும் செய்கிறது: பிறர் முகத்தில் நிராகரிப்பைத் தேடும் பழக்கத்தைக் கூர்மையாக்குகிறது. பதில் தாமதமானால் ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று விலகுகிறோம், அவர்களும் விலகுகிறார்கள். அதனால்தான் ஆட்களைச் சேர்த்து உட்காரவைக்கும் திட்டங்களைவிட, இந்த அனுமானத்தைச் சரிசெய்யும் சிகிச்சைகள் அதிகம் பலித்திருக்கின்றன.

தூக்கத்தைக் கடைசியில் சொன்னாலும், எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் இதுதான். மனச்சோர்வு இல்லாத ஒருவருக்குத் தூக்கமின்மை நீடித்தால், பின்னாளில் மனச்சோர்வு வரும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எழும் நேரத்தை வாரம் ஏழு நாளும் ஒன்றாக வையுங்கள், இரவு எப்படிப் போனாலும் சரி. படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். ஏறத்தாழ 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்புங்கள். கடிகாரத்தை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள், 20 என்பது மதிப்பீடுதான். முதல் வாரம் முன்பைவிட மோசமாக இருக்கும், பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். இருமுனைக் கோளாறோ (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) வலிப்போ உள்ளவர்கள் இப்படித் தூக்க நேரத்தைக் குறைக்கக்கூடிய முறைகளை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

இத்தனையையும் ஒன்றாகத் தொட வேண்டாம். கடந்த வாரத்தின் மோசமான ஒரு மணி நேரத்தை எடுத்து, ஒரு தாளில் வட்டமாக எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன, என்ன செய்தேன், அதனால் உடனே கிடைத்த ஆறுதல் என்ன, மறுநாள் கொடுத்த விலை என்ன. மூன்று தாள் எழுதினால் திரும்பத் திரும்ப வரும் ஒரு செயல் தெரியும். அந்த ஒன்றில் மட்டும் நான்கு வாரம் வேலை செய்யுங்கள். மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் இலவசமாகவே கிடைக்கும். அதிகபட்ச மதிப்பெண் 27. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி அது கேட்கும். 10-உம் அதற்கு மேலும் என்றால் மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். அது நோயை முடிவு செய்யும் தாள் அல்ல, கதவைத் தட்டச் சொல்லும் தாள்.

எண் எதுவானாலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. இல்லாத குரல் கேட்பது, பல நாள் தூக்கமே தேவைப்படாத அசாதாரண உற்சாகம், பிரசவத்துக்குப் பின் வரும் குழப்பம், குடியை நிறுத்த முடியாமை, சாகும் எண்ணம். அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எதைப் போட்டிருந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியவர் மீது சந்தேகம் இருந்தால் ‘தற்கொலை பற்றி யோசிக்கிறாயா’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் விஷங்களையும் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள், அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ அழையுங்கள். தீவிரமான உந்துதல் பல நேரம் குறுகிய நேரமே நிற்கும், அந்த நேரத்தில் வழி கைக்கெட்டாமல் இருப்பது உயிரைக் காக்கிறது.

சிகிச்சையாளரிடம் முதன்முறை போகும்போது அந்த மூன்று தாள்களையும், தூக்க நேரக் குறிப்பையும், எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் கொண்டு போங்கள். மருந்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், தேறிவிட்டது போலத் தோன்றினாலும் சட்டென்று நிறுத்த வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “என் சிக்கலை இன்று நீடிக்க வைப்பது எது என்று நினைக்கிறீர்கள், அதை நாம் எப்படிச் சோதிக்கப் போகிறோம்?” நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்வியை வரவேற்பார். ஆறு சந்திப்புக்குப் பிறகும் அதற்குப் பதிலும் இல்லை, பிஎச்கியூ எண்ணும் நகரவில்லை என்றால், முறையை மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள்.